இல்லம் பளபளக்கிறது, அம்மா எப்படி இருக்கிறார்?

முதியோர் இல்லங்களில் நடக்கும் பராமரிப்பு பலன் தருகிறதா என்பதை எப்படி அளப்பது? வாசகர்களின் கேள்விகளுக்கு முதியோர் மருத்துவமும் செவிலியப் பணியும் அறிந்த குழு பதில் தருகிறது.

என் அம்மாவுக்கு 78 வயது. எட்டு மாதங்களுக்கு முன்பு கோவையில் ஓர் இல்லத்தில் சேர்த்தோம். மாதம் 28,000 ரூபாய். கட்டடம் சுத்தம், ஊழியர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், சாப்பாடும் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா இளைத்துக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது. கேட்டால் ‘வயசாயிடுச்சு இல்லையா’ என்கிறார்கள். பராமரிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— வாசகி, ஈரோடு

முதலில் உங்கள் சந்தேகத்தைக் கிலோ கணக்கில் எழுதுங்கள். சேர்ந்த அன்று எடுத்த எடை இல்லத்தின் கோப்பில் இருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். எடுக்கவே இல்லை என்றால், உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

யாரும் குறைக்க முயலாமல் ஒரு மாதத்தில் 5 சதவீதம், மூன்று மாதத்தில் 7.5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் எடை குறைந்தால் வயதின்மேல் பழி போடக் கூடாது, காரணம் தேட வேண்டும். 52 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் 49.4 கிலோவுக்கோ, ஆறு மாதத்தில் 46.8 கிலோவுக்கோ வந்தால் அது எல்லைக்கோடு. எடை எடுப்பதிலும் முறை உண்டு. ஒரே மெஷின், காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்பு, ஒரே மாதிரி மெல்லிய உடை. ஒரு மாதம் நைட்டி, அடுத்த மாதம் புடவை என்றால் அரைக் கிலோ சும்மாவே ஏறிவிடும். கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உடம்பில் தேங்கும் நீர் எடையைக் கூட்டிக் காட்டும், அதற்குப் பின்னால் சதை கரைவது தெரியாமல் போகும்.

நிற்க முடியாதவர் என்றால் தையல் டேப் போதும். இடது தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டுச் சுற்றளவு எடுங்கள். 23.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் உடல் எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) 20க்கும் குறைவாக, அதாவது உயரத்துக்கு எடை போதாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

சாப்பாடு ருசியாக இருக்கிறது என்கிறீர்கள். அது உங்களுக்கு. அம்மாவின் பல்செட் பொருந்துகிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை பசியைக் கெடுக்கிறதா, மனச்சோர்வா என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள். பல இல்லங்களில் சமையல் ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக மாலை 6 மணிக்கே இரவு உணவு முடிந்துவிடும். காலைச் சிற்றுண்டி எட்டரைக்கு. இடையில் பதினான்கரை மணி நேரம் வெறும் வயிறு. படுக்கும் முன் சத்துள்ள ஏதாவது கொடுத்தால் தவிர, இந்த இடைவெளி 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க நர்சிங் ஹோம்களுக்கான விதி. நம் ஊர் இல்லத்திடமும் அதைக் கேட்கலாம், தப்பில்லை. புரதம் நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 52 கிலோவுக்கு 52 முதல் 62 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது, ஒரு தம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. இட்லி, ரசம் சாதம், கஞ்சி என்று ஓட்டினால் இந்தக் கணக்கு எட்டாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

அடுத்தது, தானாகச் செய்துகொள்ளும் ஆறு காரியங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. தானாகச் செய்தால் 1, உதவி வேண்டுமென்றால் 0. மொத்தம் 6க்கு எத்தனை? 1963 முதல் புழக்கத்தில் உள்ள காட்ஸ் அளவுகோல் இது. மூப்பில் பெரும்பாலும் குளியல்தான் முதலில் கைவிட்டுப் போகும், தானாகச் சாப்பிடுவது கடைசியில். இந்த வரிசை கலைந்தால் கவனியுங்கள். நடந்துபோய்க் கழிப்பறையைப் பயன்படுத்திய அம்மா மூன்றே மாதத்தில் பகலிலும் டயப்பருக்கு வந்துவிட்டார் என்றால், என்றைக்கு மாறியது, எந்த நோயால் மாறியது என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அது ஆள் பற்றாக்குறைக்குப் போட்ட டயப்பராக இருக்கலாம்.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டு நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, சேர்ந்த 14 நாட்களுக்குள் ஒரு முழு மதிப்பீடு, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது கட்டாயமானது. நீங்களும் அதே இடைவெளியில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். இன்றைய அம்மாவை மூன்று மாதத்துக்கு முந்தைய அம்மாவோடு ஒப்பிடுங்கள். பக்கத்துக் கட்டில் பாட்டியோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

40 படுக்கைகள் உள்ள இல்லத்தின் மேலாளர் நான். போன மாதம் 3 பேர் விழுந்தார்கள், இந்த மாதம் 7. டிரஸ்ட் உறுப்பினர்கள் கொதிக்கிறார்கள். ‘யாரையும் தனியாக எழுந்திருக்க விடாதே’ என்கிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், திருச்சி

அந்த உத்தரவைத் தயவுசெய்து நடைமுறைப்படுத்தாதீர்கள். எழவே விடாமல் உட்கார வைத்தால் எண்ணிக்கை குறையும், உண்மைதான். ஆறு வாரத்தில் தொடைச் சதை கரைந்து, அதன்பின் எழுந்த முதல் நாளே விழுவார்கள். இடுப்பு எலும்பும் முறியும். விழுவதை அளக்கும் இல்லம், எத்தனை பேர் தினமும் நடக்கிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

இனி கணக்கு. போன மாதம் 34 பேர் 30 நாள் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 1,020 ஆள்-நாள். 3 விழுதல் என்றால் ஆயிரம் ஆள்-நாளுக்கு 2.9. இந்த மாதம் 40 பேர், 31 நாள், 1,240 ஆள்-நாள். 7 விழுதல் என்றால் 5.6. கூடியிருக்கிறது, ஆனால் டிரஸ்ட் நினைப்பது போல 2.3 மடங்கு இல்லை, இரண்டு மடங்குக்குச் சற்றுக் கீழே. இவ்வளவு சிறிய எண்களை வைத்து ஒரே மாதத்தில் தீர்ப்பு எழுத முடியாது. ஆறு மாதத்தை ஒரு கோடாகப் போட்டுப் பாருங்கள்.

பிறகு மூன்று விஷயங்களைப் பிரியுங்கள். ஏழும் ஏழு பேரா, அல்லது நான்கு முறை விழுந்தது ஒரே தாத்தாவா? ஒரே ஆள் என்றால் அது அவருடைய மருத்துவப் பிரச்சினை. எத்தனை விழுதலில் அடிபட்டது? கடைசியாக, பதிவேட்டை இந்த மாதம் புதிதாக யாராவது எழுத ஆரம்பித்தார்களா? ஒழுங்கான ஒரு நர்ஸ் வேலைக்கு வந்தவுடன் விழுதல்கள் ‘கூடும்’, ஏனென்றால் முன்பு எழுதாமல் விட்டதெல்லாம் இப்போது ஏறுகிறது. அப்படிப்பட்டவரைத் திட்டினால் அடுத்த மாதம் பதிவேடு சுத்தமாகிவிடும். விழுகிறவர்கள் விழுந்துகொண்டுதான் இருப்பார்கள்.

நேரத்தையும் இடத்தையும் குறியுங்கள். விடியற்காலை 4 முதல் 6 வரை, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே என்று குவிந்தால் நீர் பிரியும் மாத்திரையை மாலையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றலாம். விழுந்த ஒவ்வொருவருக்கும் பிரஷர் பார்க்கும் முறை இது: ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் மறுமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழும்போது தலை சுற்றி விழுந்திருக்கலாம். அதற்கு மருந்துப் பட்டியலைத் திருத்த வேண்டும், கட்டிலுக்குக் கம்பி போட்டுப் பயனில்லை. கம்பியைத் தாண்டி ஏறி விழுபவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

நடக்க முடிந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு சின்னச் சோதனை. கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். வாக்கர் வழக்கமாகப் பிடிப்பவர் பிடித்துக்கொள்ளலாம். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. போன முறை 14, இந்த முறை 19 என்றால், அவர் இன்னும் விழவில்லை என்பது ஆறுதல் இல்லை.

இல்லத்தில் சிசிடிவி இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள். போதுமா?
— வாசகர், துபாய்

போதாது. ஹாலில் அப்பா உட்கார்ந்திருப்பது தெரியும். முதுகுத்தண்டின் அடியில் தோல் சிவந்திருப்பதோ, இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டுப் பதில் வராததோ தெரியாது. குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா வைக்கக் கூடாது, மிக முக்கியமான பராமரிப்போ அங்கேதான் நடக்கிறது. மாதாந்திர எடை, மாத்திரைப் பட்டியல், தோல் பரிசோதனைக் குறிப்பு மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் தெரிவது அதிகம்.

நான் நர்ஸ். எங்கள் இல்லத்தில் படுத்த படுக்கையாக ஒன்பது பேர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைத்ததாக சார்ட்டில் டிக் இருக்கிறது. இருந்தும் இருவருக்குப் படுக்கைப் புண். எங்கே தவறு?
— வாசகி, மதுரை

டிக் எப்போது போடப்பட்டது என்று பாருங்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, நான்கைந்து டிக் வரிசையாக நிற்கிறது என்றால் ஷிப்ட் முடியும்போது மொத்தமாகப் போட்டது. சோதிக்க எளிய வழி, சொல்லாமல் போய்ப் பார்ப்பது. சார்ட்டில் ‘இடது பக்கம்’ என்று இருக்கும் நேரத்தில் அவர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறார்? வாரத்தில் மூன்று முறை, அதில் ஒன்று நள்ளிரவில், ஒன்பது கட்டிலையும் பார்த்தால் 27 பதிவுகள். எத்தனை பொருந்துகின்றன என்பதுதான் உண்மையான அளவு.

திருப்புவது உண்மையாகவே நடந்தும் புண் வருகிறதென்றால் திருப்பும் விதத்தைப் பாருங்கள். முழுப் பக்கவாட்டில் 90 பாகை சாய்த்தால் இடுப்பு எலும்பின் முனையில் மொத்த எடையும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை போதும். தலைப்பக்கத்தை 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைத்தால் உடம்பு வழுக்கி இறங்கி, தோல் ஓரிடத்தில் நிற்க உள்சதை இழுபடும். சாப்பிடும்போது உயர்த்தித்தான் ஆக வேண்டும், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து இறக்கிவிடுங்கள். மூக்கு வழிக் குழாயில் உணவு தொடர்ந்து போகிறவருக்கு இது பொருந்தாது, டாக்டர் சொன்ன உயரத்தில் வையுங்கள். மேலே நகர்த்தும்போது அக்குளில் கை கொடுத்து இழுக்காமல், இருவர் சேர்ந்து விரிப்போடு தூக்க வேண்டும். குதிகாலுக்கு நீர் நிரப்பிய கையுறை வைப்பதும், நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன. இரண்டையும் தூக்கிப் போடுங்கள், வளையம் தன்னைச் சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தையே நெரிக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளத் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுவதுதான் சரி. சிவந்த இடத்தில் ஸ்பிரிட் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், சிதைந்துகொண்டிருக்கும் சதையை அது மேலும் சிதைக்கும்.

ஏர் பெட் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். பம்ப்பின் திருகு நோயாளியின் எடைக்கு ஏற்ற இடத்தில் இருக்கிறதா? அவர் படுத்திருக்கும்போதே மெத்தைக்கு அடியில், புட்டத்துக்கு நேர்கீழே கையை விட்டுப் பாருங்கள். 2.5 செ.மீ. அளவுகூடக் காற்று இல்லாமல் எலும்பு கையில் இடித்தால் அது இருந்தும் இல்லாத மெத்தை. மின்வெட்டு நேரத்தில் இதை அவசியம் பாருங்கள்.

மாநிறத்திலும் கருத்த நிறத்திலும் படுக்கைப் புண்ணின் முதல் நிலைச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. பாடப்புத்தகப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. பக்கத்துத் தோலிலிருந்து நிறம் வேறுபடுவது, அதைவிடச் சூடு, கெட்டித்தன்மை, தொட்டால் முகம் சுளிப்பது ஆகியவை நம் மக்களிடம் நம்பகமான அடையாளங்கள்.

கணக்கு எழுதும்போது மருத்துவமனையிலிருந்தே புண்ணோடு வந்தவரையும் உங்களிடம் வந்தபின் புண் ஆனவரையும் பிரியுங்கள். அதற்கு, சேரும் அன்றே தலை முதல் குதிகால் வரை தோலைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அதே நாளில், படுக்கைப் புண் வரும் அபாயத்தைக் கணிக்கும் பிரேடன் மதிப்பெண்ணும் போடுங்கள். அது 6 முதல் 23 வரை போகும், 18 அல்லது அதற்குக் கீழே அபாயம். மதிப்பெண் போட்டுவிட்டு அதன்படி எதையும் மாற்றாமல் விடுவதுதான் இல்லங்களில் அதிகம் நடக்கிறது. ஈரம் என்ற பிரிவில் குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு டயப்பர் மாற்றும் நேரம் மாற வேண்டாமா?

அப்பாவுக்கு மறதி நோய். இல்லத்தில் சேர்ந்தபோது கத்துவார், அலைவார். இரண்டு மாதத்தில் ‘நல்லா செட்டில் ஆயிட்டார், அமைதியாயிட்டார்’ என்கிறார்கள். வீடியோ காலில் பார்த்தால் கண் சொருகியே இருக்கிறது.
— வாசகர், சிங்கப்பூர்

சேர்ந்த நாளின் மாத்திரைப் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குவெடியாபின், ரிஸ்பெரிடோன், ஹேலோபெரிடால், அல்பிரசோலம், குளோனசெபாம் இவற்றில் எது புதிதாக ஏறியிருக்கிறது? யார் எழுதினார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை? மறதி நோயாளிகளுக்குக் குவெடியாபின், ரிஸ்பெரிடோன் போன்ற மனநோய் மருந்துகள் கொடுக்கும்போது இறப்பு கூடுகிறது என்று 2005இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. அவை தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் குறைந்த அளவில், குறித்த காலத்துக்கு. நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள், அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டர் மூலமாகப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சளிக்கென்று கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் கலந்த சாதாரண மாத்திரையும் முதியவரை மந்தமாக்கும், குழப்பும், சிறுநீரைக் கட்டும்.

பட்டியலில் ஒன்றும் இல்லையா? அப்படியானால் இந்த மந்தம் எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வந்திருந்தால் தொற்றோ, சோடியம் குறைவோ, சிறுநீர் அடைப்போ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் மெல்ல வந்தது என்றால் மனச்சோர்வையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பு கத்தியது ஏன் என்று யாராவது தேடினார்களா என்பதே நாங்கள் இல்லத்திடம் கேட்கும் கேள்வி. பேசி விளக்க முடியாதவர் வலியைக் கத்தியே சொல்வார். மூச்சு, முனகல், முகபாவம், உடலின் இறுக்கம், சமாதானப்படுத்தினால் அடங்குகிறாரா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை கொடுத்து, 10க்கு வலியை மதிப்பிடும் முறை இருக்கிறது. குளிப்பாட்டும்போது மட்டும் 7, மற்ற நேரம் 1 என்றால் தோளிலோ முழங்காலிலோ வலி. குளிப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, டாக்டர் அனுமதியோடு, ஒரு பாராசிட்டமால் கொடுத்தால் அடங்கும் கத்தலுக்கு மனநோய் மருந்து எதற்கு?

எங்கள் டிரஸ்ட் இல்லத்தில் ஆண்டுதோறும் கருத்துக் கணிப்பு எடுக்கிறோம். ஏறக்குறைய எல்லோருமே ‘நன்று’ என்கிறார்கள். இதற்கு மேல் என்ன அளக்க வேண்டும்?
— வாசகர், தஞ்சாவூர்

சோறு போடுகிறவரே வந்து ‘சோறு எப்படி?’ என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? கேட்பவர் வெளியாளாக இருக்கட்டும், கேள்வி குறிப்பானதாக இருக்கட்டும். ‘திருப்தியா?’ என்று கேட்காதீர்கள். ‘நேற்று இரவு பெல் அடித்தீர்களா? எவ்வளவு நேரத்தில் வந்தார்கள்?’ ‘இன்று எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், நீங்கள் எத்தனை மணிக்கு எழ விரும்புவீர்கள்?’ என்று கேளுங்கள்.

பேச முடியாதவர்களை எந்தக் கணிப்பும் சேர்ப்பதில்லை. அவர்களுக்காக ஒருவர் ஹாலின் மூலையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, நான்கைந்து பேரைப் பற்றி: விழித்திருக்கிறாரா, யாராவது பேசினார்களா, பேசாமலே சட்டையைப் பிடித்து இழுத்தார்களா, முகம் எப்படி? ஒரு மணி நேரத்தில் ஒருவருக்குப் பன்னிரண்டு பதிவுகள். பத்தில் ‘யாரும் வரவில்லை’ என்று இருந்தால் டிவி ஓடிக்கொண்டிருந்தது என்பது சமாதானம் ஆகாது. இங்கிலாந்தின் பராமரிப்புத் தர ஆணையம் ஆய்வுக்குப் போகும்போதும் இதைப் போன்ற ஒரு கவனிப்பு முறையைப் பயன்படுத்துகிறது.

சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்தால் இன்னும் தெரியும். ஊட்டிவிடும் ஆயா நின்றுகொண்டு ஊட்டுகிறாரா, எதிரே உட்கார்ந்தா? முதல் வாய் விழுங்கும் முன் இரண்டாம் கரண்டி வருகிறதா? இந்த அவசரத்தில் புரையேறி நிமோனியா வரலாம். பல்செட் வாயில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா? தட்டில் மிஞ்சியது கால்வாசியா, பாதியா?

1966இல் அவேடிஸ் டொனபேடியன் என்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் தரத்தை மூன்றாகப் பிரித்தார்: என்ன வசதி இருக்கிறது, என்ன செய்கிறார்கள், என்ன ஆனது. நம் டிரஸ்டுகளின் ஆண்டறிக்கைகள் முதலாவதிலேயே நின்றுவிடுகின்றன. புது ஆம்புலன்ஸ், சோலார் வெந்நீர், பொங்கல் விழா போட்டோ. அடுத்த அறிக்கையில் நான்கு எண்களைப் போடுங்கள்: இங்கே வந்தபின் வந்த புதிய படுக்கைப் புண், ஆயிரம் ஆள்-நாளுக்கு விழுதல், ஆறு மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை இழந்தவர்கள், திட்டமிடாமல் மருத்துவமனைக்கு ஓடியவை. முதல் ஆண்டு எண்கள் மோசமாகத்தான் தெரியும். வெளியிடுங்கள்.

அளந்து பார்த்தோம், மோசம் என்று தெரிகிறது. இல்லம் கேட்க மறுக்கிறது. யாரிடம் போவது?
— வாசகி, சேலம்

பலர் கோட்டாட்சியரின் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அது பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்பதற்கும், எழுதிக் கொடுத்த சொத்தை மீட்பதற்கும் உள்ள இடம். இல்லத்தின் சேவைக் குறைக்கு மாவட்டச் சமூகநல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். முதியோர் உதவி எண் 14567இல் வழி கேட்கலாம். அடித்தார்கள், கட்டி வைத்தார்கள் என்றால் நேராகக் காவல் நிலையம். பணம் கட்டிச் சேர்த்தவர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, இல்லம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

போகும்போது ‘சரியாகக் கவனிக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். தேதி வாரியான எடை, புண்ணின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ, இரண்டு மாத்திரைப் பட்டியல்கள், ரசீதுகள் ஆகியவற்றின் நகல் சேர்த்துக் கொடுங்கள். நோயாளி இன்னும் அந்த இல்லத்தில்தான் இருக்கிறார் என்றால், புகாரைக் கொடுக்கும் முன் மாற்று இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.